ஏ – ஆர் – பி: காணி உறுதியின் நடு எழுத்து

இலங்கைக் காணி உறுதி (நில உரிமைப் பத்திரம்) ஒன்றைக் கையில் எடுத்து, கடைசியில் வரும் அட்டவணையைப் பாருங்கள். நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்த இடத்தில் ஏ0 ஆர்1 பி5.00 என்பதுபோல மூன்று எழுத்தும் மூன்று எண்ணும் இருக்கும். ஏ என்பது ஏக்கர். பி என்பது பேர்ச்சஸ். வாங்குபவர், விற்பவர், தரகர் எல்லோர் வாயிலும் புழங்கும் அலகு. நடுவில் உள்ள ஆர் என்பது றூட். நாற்பது பேர்ச்சஸ் சேர்ந்தால் ஒரு றூட். நான்கு றூட் சேர்ந்தால் ஓர் ஏக்கர்.

‘இருபது பேர்ச் காணி விற்பனைக்கு’ என்ற விளம்பரத்தை எங்கும் பார்க்கலாம். ‘ஒரு றூட் காணி விற்பனைக்கு’ என்று யாரும் போடுவதில்லை. அந்த அளவை நாற்பது பேர்ச் என்பார்கள், அல்லது கால் ஏக்கர் என்பார்கள். சொல் பிறந்த இங்கிலாந்திலும் அது வழக்கொழிந்துவிட்டது. ஆனால் இலங்கையில் எழுதப்படும் உறுதிகளிலும் நில அளவைப் படங்களிலும் அதன் முதலெழுத்து இன்றும் விடாமல் வருகிறது. சொல் மறந்துபோய் எழுத்து மட்டும் மிஞ்சியதால் நேரும் நட்டம் சிறியதல்ல. மேலே உள்ள ஏ0 ஆர்1 பி5.00 என்பது 45 பேர்ச்சஸ். நடு எண்ணைக் கவனிக்காமல் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது 5 பேர்ச்சஸ். ஒன்பதில் ஒரு பங்குதான் அவர் கண்ணில் படுகிறது.

கழியும் பட்டையும்

பழைய ஆங்கிலத்தில் றூட் என்ற சொல்லுக்குக் கழி, கம்பம் என்று பொருள். இயேசு அறையப்பட்ட சிலுவை மரத்துக்கும் அதே சொல்தான். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் சபையார் இருக்கும் பகுதியையும் பீடப் பகுதியையும் பிரிக்கும், மேலே சிலுவை தாங்கிய மறைப்பின் பெயரில் றூட் இன்னும் ஒட்டியிருக்கிறது. எடின்பரோவில் 1128 இல் மன்னர் முதலாம் டேவிட் நிறுவிய மடத்தின் பெயர் ஹோலிறூட், அதாவது திருச்சிலுவை. இன்றைய ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தை அந்த இடப்பெயராலேயே அழைக்கிறார்கள். சமயப் பொருளில் அந்தச் சொல் மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட பெயர்களில்தான்.

நில அளவைக்கு வந்தால், அளவுகழியின் நீளம் 16½ அடி. அதற்கு ஆங்கிலத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. பேர்ச் அவற்றில் ஒன்று. அது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, அதற்கும் கழி என்றே பொருள். ஏர் திரும்பாமல் ஒரே ஓட்டமாக உழும் சாலின் நீளம் 40 கழி, அதாவது 660 அடி. ஃபர்லாங் என்ற அளவு அதுதான். அந்த நீளத்துக்கு ஒரு கழி அகலத்தில் எடுத்த பட்டை ஒரு றூட். நான்கு பட்டைகளை அருகருகே வைத்தால் ஏக்கர். நாலும் நாற்பதும் எங்கிருந்து வந்தன என்பது இந்தப் படத்தை மனதில் வரைந்துகொண்டால் தெளிவாகிவிடும். வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கணக்கு இப்படி: 660 அடியை 16.5 அடியால் பெருக்கினால் றூட், 10,890 சதுர அடி. ஒரு கழிக்கு ஒரு கழிச் சதுரம் ஒரு பேர்ச், 272.25 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. மெட்ரிக் அளவில் பேர்ச் 25.2929 சதுர மீட்டர், றூட் 1,011.71 சதுர மீட்டர், ஏக்கர் 4,046.86 சதுர மீட்டர்.

மூன்று எழுத்து முறை இலங்கையில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் 1836 ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டத்தின்கீழ் ஊர் ஊராகத் தயாரான பட்டியல்களில் ஒவ்வொரு வயலுக்கும் எதிரே ஏ, ஆர், பி என்று மூன்று நிரல்கள் உண்டு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பழைய காணிச் சான்றிதழ்களிலும் இதே எழுத்துகள்தாம். நியூசிலாந்துக்காரர்கள் ‘கால் ஏக்கர் வீட்டுக்காணி’ என்று பெருமையாகச் சொல்வது கடதாசியில் சரியாக ஒரு றூட். அந்த நாடுகள் மெட்ரிக்குக்கு மாறியபோது 1 றூட் 1,012 சதுர மீட்டர் ஆனது, எழுத்தும் போய்விட்டது. இலங்கையில் போகவில்லை.

ஒரே சங்கிலி, இரண்டு வழி

1620 ஆம் ஆண்டு வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 66 அடி நீளமுள்ள அளவைச் சங்கிலியை அறிமுகப்படுத்தினார். நான்கு கழி நீளம், 100 லிங்க் (கண்ணி). பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சதுர லிங்கில் சரியாக 1,00,000. பழைய நாலு–நாற்பது கணக்கையும் பத்தின் மடங்குகளையும் ஒரே கருவியில் சேர்த்ததுதான் அவருடைய திறமை.

இந்தச் சங்கிலியிலிருந்து சென்னை மாகாணம் தசம வழியை எடுத்துக்கொண்டது: ஏக்கரில் நூறில் ஒன்று சென்ட், 1,000 சதுர லிங்க், 435.6 சதுர அடி. இலங்கை பழைய வழியைப் பிடித்துக்கொண்டது: ஏக்கர், றூட், பேர்ச். ஏக்கர் இரண்டிடத்திலும் ஒன்றே. ஆகவே 1 சென்ட் 1.6 பேர்ச், 1 றூட் 25 சென்ட். தமிழ்நாட்டில் பழகியவர் இலங்கை உறுதி ஒன்றைப் படிக்க நேர்ந்தால் இந்த இரண்டையும் நினைவில் வைத்தாலே போதும். தமிழ்நாட்டுப் பட்டாவில் வரும் ஏர் என்ற அலகோடு ஆர் என்ற எழுத்தைக் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து. ஏர் என்பது 100 சதுர மீட்டர். றூட் அதைவிடப் பத்து மடங்குக்குச் சற்று மேல்.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2 இல் தொடங்கியது. 1840 ஆம் ஆண்டில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. 12 ஆம் இலக்கச் சட்டம் உரித்துக் காட்ட முடியாத காணிகளை முடிக்குரியதாக்க வழி செய்தது. அவை அளக்கப்பட்டு விற்கப்பட்டன. 7 ஆம் இலக்கச் சட்டம் காணி கைமாறுவதானால் நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றளிப்பவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நடக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பு வயலை விதைப்பு அளவால் சொல்வது வழக்கம்: இத்தனை அவணம் நெல் விதைக்கும் நிலம் என்பதுபோல. அந்த அளவு மண்ணுக்கு மண் மாறும். ஏ–ஆர்–பி முறை அந்த ஐயத்தை நீக்கியது. அதனால்தான் நொத்தாரிசுமார் இதை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கணினி வருமுன் நில அளவையாளர் பரப்பைச் சதுர லிங்கில் கண்டுபிடித்து, மூன்று எழுத்தாக உடைத்த முறை அழகானது. ஒரு காணி 1,39,063 சதுர லிங்க் என்று வையுங்கள். ஒரு இலட்சத்தால் வகுத்தால் 1.39063, முழு எண் 1, அதுவே ஏக்கர். மிச்சம் 0.39063. அதை 4 ஆல் பெருக்கினால் 1.56252, முழு எண் 1, அதுவே றூட். மிச்சம் 0.56252. அதை 40 ஆல் பெருக்கினால் 22.50, அதுவே பேர்ச். விடை ஏ1 ஆர்1 பி22.50. இரண்டு பெருக்கல், ஒரு வகுத்தல். இந்த முறையைத் தெரிந்தவர் எந்தப் பழைய படத்தையும் பென்சிலால் சரிபார்த்துவிடலாம்.

ஒரு காணி, மூன்று பங்கு

அதே ஏ1 ஆர்1 பி22.50 காணியை எடுத்துக்கொள்வோம். மூன்று சகோதரர்களுக்கு அது பிரிக்கப்படாத சமபங்காக இருக்கிறது. 15 அடி அகலத்தில் 330 அடி நீளத்துக்குப் பாதை ஒதுக்கி, மிச்சத்தை மூன்று துண்டாக்க வேண்டும். இது கணக்கைக் காட்டுவதற்காக அமைத்த உதாரணம். இலக்கங்களை உங்கள் காணிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வேலை, எல்லாவற்றையும் பேர்ச்சாக மாற்றுவது. ஏக்கரை 160 ஆல், றூட்டை 40 ஆல் பெருக்கிக் கடைசி எண்ணோடு கூட்டுங்கள்: 160 + 40 + 22.50 = 222.50 பேர்ச். இதைச் செய்யாமல் மூன்று நிரலையும் தனித்தனியே மூன்றால் வகுக்கப் போனால் சிக்கல்தான்.

பாதை 15 × 330 = 4,950 சதுர அடி. 272.25 ஆல் வகுத்தால் 18.18 பேர்ச். மிச்சம் 204.32. மூன்றால் வகுத்தால் 68.1066 என்று ஓடும். இரண்டு தசமத்தில் நிறுத்த வேண்டும், 68.11 ஐ மூன்று முறை போட்டால் 204.33 வந்து தாய்க்காணியைவிட 0.01 கூடிவிடும். ஆகவே இரண்டு பேருக்கு 68.11, ஒருவருக்கு 68.10. அந்த 0.01 பேர்ச் என்பது இரண்டே முக்கால் சதுர அடி. மண்ணில் ஒன்றுமில்லை, ஆனால் கூட்டுத்தொகை தாய்ப் படத்தோடு பொருந்தாவிட்டால் பிரிவிடல் வழக்கில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொள்வார்.

இனி மூன்று எழுத்துக்குத் திருப்ப வேண்டும். 68.11 இல் 160 இல்லை, ஆகவே ஏ0. நாற்பது ஒரு முறை போகும், ஆகவே ஆர்1. மிச்சம் 28.11. முதல் இரண்டு துண்டுகள் ஏ0 ஆர்1 பி28.11, மூன்றாவது ஏ0 ஆர்1 பி28.10, பாதை ஏ0 ஆர்0 பி18.18.

கையெழுத்துக்கு முன் நிரல் நிரலாகக் கூட்டிப் பாருங்கள். பேர்ச் நிரல்: 28.11 + 28.11 + 28.10 + 18.18 = 102.50. அதில் நாற்பது இரண்டு முறை போகும், 22.50 எழுதி 2 ஐ றூட் நிரலுக்குக் கொண்டுபோங்கள். றூட் நிரல்: 1 + 1 + 1 + 0 + 2 = 5. அதில் நாலு ஒரு முறை. 1 எழுதி 1 ஐ ஏக்கருக்குக் கொண்டுபோங்கள். ஏ1 ஆர்1 பி22.50. தாய்க்காணி அப்படியே திரும்பி வந்துவிட்டது.

ஹெக்டேயரிலும் அதையே செய்யலாம். பேர்ச்சை 0.00252929 ஆல் பெருக்கி நான்கு தசமத்தில் நிறுத்தினால் 0.1723, 0.1723, 0.1722, பாதை 0.0460. கூட்டினால் 0.5628. தாய்க்காணி 222.50 பேர்ச்சும் 0.5628 ஹெக்டேயர்தான். இரண்டு கணக்கும் ஒத்துவந்தால் பரப்பு எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எங்கே பிசகுகிறது

நடு எழுத்தை விழுங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. இன்று நகரப்புறத்தில் கைமாறும் பெரும்பாலான துண்டுகள் நாற்பது பேர்ச்சுக்குக் குறைந்தவை. ஆகவே உறுதிக்கு உறுதி ஏ0 ஆர்0 என்றே வருகிறது. பத்து உறுதியில் அப்படிப் பார்த்துப் பழகிய கண், பதினோராவதில் ஆர்1 வந்தாலும் அதைத் தாண்டிப் போய்விடும். மேலே கண்ட 68.11 பேர்ச் துண்டை 28.11 என்று படித்து, பேர்ச்சுக்கு இத்தனை ரூபா என்று பெருக்கினால் நாற்பது பேர்ச்சின் விலை ஒரே மூச்சில் காணாமல் போய்விடும். விலை மதிப்பீட்டு அறிக்கையிலோ வங்கி அடமானத்திலோ அந்த எண் ஏறிவிட்டால், பிறகு வருபவர்கள் எல்லோரும் அதையே பார்த்து எழுதுவார்கள்.

இரண்டாவது, தசமமாகப் படிப்பது. ஏ1 ஆர்1 பி22.50 என்பதை 1.1225 ஏக்கர் என்று எழுதிவிடுகிறார்கள். அது 179.6 பேர்ச் ஆகும், உண்மையான 222.50 இலிருந்து 42.9 பேர்ச் குறைவு. சரியான தசம ஏக்கர் 1.3906. சென்ட் கணக்கில் வளர்ந்தவர்கள் இங்கே விழுவது இயல்பு; அவர்களுக்கு ஏக்கருக்குப் பின் வருவதெல்லாம் நூறின் பங்கு.

கணினியில் வேறு விதமான தொல்லை. விரிதாளில் ஒரே கட்டத்தில் 1-2-10 என்று தட்டினால், மென்பொருள் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். மூன்று எண்ணுக்கும் மூன்று நிரல் வையுங்கள். நான்காவது நிரலில் மொத்தப் பேர்ச்சைக் கணக்கிடுங்கள். மொத்தப் பேர்ச்சிலிருந்து மூன்று எழுத்துக்குத் திருப்பும்போது முதலில் மொத்தத்தை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கி, பிறகுதான் உடைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் 79.997 என்ற எண் ஆர்1 பி40.00 என்று அச்சாகும். பேர்ச் நிரலில் 40 வரவே கூடாது. அது ஆர்2 பி0.00. அதேபோல் றூட் நிரலில் 0, 1, 2, 3 தவிர வேறெந்த இலக்கமும் வர முடியாது. ஆர்5 என்றோ பி46 என்றோ ஓர் உறுதியில் கண்டால் யாரோ தட்டெழுத்தில் தவறியிருக்கிறார்கள் என்பது படத்தைப் பார்க்காமலே தெரிந்துவிடும். இந்தச் சுயபரிசோதனை வசதி தனி எண்ணாக எழுதும் அலகுகளுக்கு இல்லை. ஏ–ஆர்–பி முறையின் பக்கம் நின்று நான் சொல்லக்கூடிய நல்ல வாதம் இதுவே.

கையெழுத்துப் பதிவேடுகளில் சிக்கல் வெற்றிடம். பழைய பதிவேட்டில் ஏக்கர் நிரலில் ஒன்றும் எழுதாமல், றூட் நிரலில் 1, பேர்ச் நிரலில் 5 என்று இருக்கும். நகலெடுப்பவர் ஒரு நிரல் இடம் தள்ளி எழுதிவிட்டால் கால் ஏக்கர் முழு ஏக்கராகிவிடும். அதனால்தான் பூச்சியத்தை எழுதியே தீர வேண்டும். கவனமுள்ள நொத்தாரிசு எண்ணோடு எழுத்தாலும் எழுதுவார்: ‘ஏக்கர் பூச்சியம், றூட் ஒன்று, பேர்ச்சஸ் ஐந்து தசம் பூச்சியம் பூச்சியம்’. அந்த நீண்ட வரியைச் சடங்கு என்று நினைத்துச் சுருக்கக் கூடாது. எண் அழிந்தாலும் மாற்றப்பட்டாலும் காப்பாற்றுவது அதுதான்.

இன்னொன்று பின்னம். பழைய படங்களில் பேர்ச் 12¼ என்று இருக்கும். நகலில் கோடு மங்கி 1214 ஆகத் தெரிவதுண்டு. பேர்ச் 40 ஐத் தாண்டாது என்ற விதி இங்கும் கைகொடுக்கும்.

தமிழில் எழுதும்போது றூட் என்று வல்லின றகரத்தோடு எழுதுவது இலங்கையில் நிலைத்த வழக்கம். ரூட் என்று எழுதினால் பாதை என்று படிக்க இடமுண்டு. பாதை உரிமையும் பரப்பளவும் ஒரே அட்டவணையில் வருவதால் அந்த வழக்கத்தை விடாமல் இருப்பது நல்லது. சுருக்கமாக எழுதுவதானால் ஏ, றூ, பே.

ஒல்லாந்தர் வழிவந்த ஆவணங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். தென்னாபிரிக்காவின் பழைய உறுதிகளில் மோர்கன், சதுர றூட் என்று வரும். 600 சதுர றூட் ஒரு மோர்கன். அந்த றூட் ஒல்லாந்து நீள அளவு, 12 கேப் அடி. ஏக்கரின் கால் பங்கான றூட்டுக்கும் அதற்கும் பெயர் மட்டுமே பொது.

பரப்பும் ஏழு பேர்ச்சும்

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில் பேசுவார்கள். ஒரு பரப்பு 10 பேர்ச், 2,722.5 சதுர அடி. 16 பரப்பு ஓர் ஏக்கர். 18 குழி ஒரு பரப்பு. ஆகவே ஒரு றூட் சரியாக நாலு பரப்பு. ‘ஐந்து பரப்பு’ என்று சீதன உறுதியில் இருந்தால் நில அளவைப் படத்தில் அது ஏ0 ஆர்1 பி10.00 என்று வரவேண்டும்; ஏ0 ஆர்0 பி10.00 என்று வந்தால் நாலு பரப்பு போய்விட்டது. ‘மூன்றேமுக்கால் பரப்பு’ என்றால் ஏ0 ஆர்0 பி37.50. பழைய உறுதியில் லாச்சம் என்ற நில அளவு இருந்தால் எந்த லாச்சம் என்று பார்த்தே பெருக்க வேண்டும். வரகுக் கணக்கில் 16 லாச்சம் ஏக்கர், நெற்கணக்கில் 24. உறுதியில் அந்தச் சொல்லை ஒட்டியே எந்தப் பயிர் என்ற குறிப்பும் சுருக்கெழுத்தாக நிற்கும். அதையும் விழுங்கிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு மாறிவிடும்.

மலையகத்தில் இந்த எழுத்துகள் வேறு கனத்தோடு வருகின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையில்) தலைமுறைகளாக வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்பதே பரவலாகப் பேசப்பட்ட அளவு. அது ஏ0 ஆர்0 பி7.00, 1,905.75 சதுர அடி, 177 சதுர மீட்டர். ஒரு றூட்டில் ஐந்து வீட்டுக்காணி போக 5 பேர்ச் மிஞ்சும், அதுவும் பாதைக்கு ஒதுக்குமுன். ஏழு போதாது, பத்து வேண்டும், இருபது வேண்டும் என்ற கோரிக்கைகள் தொடர்ந்து எழுந்தன. வீடும் மரக்கறித் தோட்டமும் கழிவுநீர்க் குழியும் சரிவான நிலத்தில் எத்தனை இடம் பிடிக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தவர்கள் அந்தக் கோரிக்கையை மிகையென்று சொல்ல மாட்டார்கள். உறுதி கைக்கு வரும் நாளில் அந்தக் குடும்பங்கள் மூன்று எண்ணையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். காணியே இல்லாதிருந்தவர்களுக்கு ஒரு பேர்ச் குறைந்தாலும் 272 சதுர அடி போகிறது. அது அவர்கள் விட்டுவந்த லயன் அறை இரண்டைவிடப் பெரியது.

நகரத்தில் இதே நுணுக்கம் வேறு வடிவில் வரும். குடியிருப்புத் துண்டுக்கு நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் பொதுவாகக் கேட்கும் குறைந்த அளவு 150 சதுர மீட்டர். மக்கள் அதை 6 பேர்ச் என்பார்கள். சரியாகச் சொன்னால் 5.93 பேர்ச். படத்தில் பி5.90 என்று இருக்கும் துண்டை ‘ஆறு பேர்ச்’ என்று வாங்கினால் கையில் இருப்பது 149.2 சதுர மீட்டர். முற்பணம் கொடுக்குமுன் படத்தில் உள்ள எண்ணை 25.2929 ஆல் பெருக்கிப் பார்ப்பது அரை நிமிட வேலை.

பிழை உறுதியில் ஏறிவிட்டால்

பரப்பளவு தவறாக எழுதப்பட்டதனால் மட்டும் காணி பறிபோய்விடாது. எல்லைகள் தெளிவாக இருந்து, படமும் துண்டு இலக்கமும் பொருந்தினால், பரப்பளவைவிட எல்லைகளுக்கே நீதிமன்றங்கள் பொதுவாக முதலிடம் தருகின்றன. ஆனால் அந்த நம்பிக்கையில் பிழையை அப்படியே விட்டுவிடுவது சரியல்ல. உரித்துத் தேடுபவர்கள் வழமையாக முப்பது ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பார்கள். அந்தத் தொடரில் ஓர் உறுதியில் 45 உம் அடுத்ததில் 5 உம் இருந்தால் வங்கி கடனை நிறுத்திவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் நில அளவைப் படத்தின் சான்றுபடுத்திய பிரதியை எடுங்கள். உறுதியோடு இணைத்திருக்கும் நகலை நம்ப வேண்டாம். அடுத்து காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கத்தின் சாற்றை எடுத்து, எந்த உறுதியிலிருந்து பரப்பளவு மாறியது என்று பின்னோக்கிப் பாருங்கள். பிழை தொடங்கியது உங்கள் உறுதியில் என்றால், அதில் கைச்சாத்திட்ட இருதரப்பும் சேர்ந்து திருத்த உறுதி எழுதலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் அதற்கும் வேண்டும். பிழையான வரியையும் சரியான வரியையும் எண்ணாலும் எழுத்தாலும் முழுமையாகத் தந்து, படத்தின் இலக்கம், திகதி, துண்டு இலக்கம் ஆகியவற்றைச் சேர்த்து, பழைய உறுதி பதிவான அதே பக்கத்தில் பதிவுசெய்ய வேண்டும். விற்றவர் இறந்துவிட்டாலோ கையெழுத்திட மறுத்தாலோ நீதிமன்றம்தான் வழி. ஆகவே விற்றவர் உயிரோடும் சுமுகமாகவும் இருக்கும்போதே உறுதியைப் படித்துப் பார்ப்பது நல்லது. பதிவாகி வந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். காணி அடமானத்தில் இருந்தால் திருத்தத்தின் பிரதியை வங்கிக்கும் கொடுக்க வேண்டும்.

பிழை பல உறுதிகளுக்கு முன் தொடங்கியிருந்தால், அல்லது மண்ணில் இருப்பதே படத்தோடு ஒத்துவராவிட்டால், திருத்த உறுதிக்கு முன் புதிய அளவை தேவை. புதிய படத்தில் பரப்பளவை ஹெக்டேயரிலும் ஏ–ஆர்–பியிலும் தரும்படி நில அளவையாளரிடம் கேளுங்கள், தாய்ப் படத்தின் மேல் பொருத்திக் காட்டும்படியும் கேளுங்கள். புதிய எண் பழையதைவிட 0.05 பேர்ச் அளவில் மாறினால் அது முழுமையாக்கத்தால் வந்திருக்கலாம்; ஹெக்டேயரின் நான்காம் தசமம் ஒன்றே 0.04 பேர்ச். அரைப் பேர்ச், ஒரு பேர்ச் என்று மாறினால் வேலி நகர்ந்திருக்கிறதா, பாதைக்கு விட்டிருக்கிறார்களா என்று மண்ணில் இறங்கிப் பார்க்க வேண்டும். சரியாக 40 அல்லது 80 பேர்ச் மாறினால் அளவைப் பிழையைத் தேட வேண்டாம். யாரோ நடு எண்ணை விட்டுவிட்டார்கள்.

1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்கீழ், ‘பிம் சவிய’ திட்டத்தில் வழங்கப்படும் உரித்துச் சான்றிதழில் பரப்பளவு ஹெக்டேயரில் இருக்கும். அங்கே ஆர் என்ற எழுத்து இல்லை. 20 பேர்ச் காணிக்கு 0.0506 என்று வரும். சான்றிதழுக்கு ஒப்புக்கொள்ளுமுன் ஹெக்டேயரை 395.37 ஆல் பெருக்குங்கள், வரும் பேர்ச்சைப் பழைய உறுதியின் மூன்று எண்ணோடு ஒப்பிடுங்கள். 0.0506 க்கு 20.01 வரும், அது சரி. பழைய உறுதியில் ஏ0 ஆர்1 பி20.00 என்று இருக்கும் காணிக்கு 0.0506 வந்திருந்தால் கையெழுத்திடாதீர்கள். அதற்கு வரவேண்டியது 0.1518.